ஆங்கிலம் யாரையும் ‘நீ’ என்று கூப்பிடுவதில்லை

கேள்வி: ஜூன் 3, மாலை 6.15

ஆங்கிலம் மரியாதை தெரியாத மொழி என்பது என் கருத்து. பெற்ற அப்பாவுக்கும் ‘யூ’, தெருநாய்க்கும் ‘யூ’. நாம் நீ, நீர், நீங்கள் என்று எவ்வளவு பக்குவமாகப் பிரித்து வைத்திருக்கிறோம்! எல்லோரையும் ‘நீ’ என்றே அழைக்கிற மொழியை மூன்று வயதிலிருந்து படித்தால் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் பணிவு எங்கிருந்து வரும்? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

ஜூன் 3, இரவு 9.40

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நடந்தது தலைகீழ். ஆங்கிலம் தொலைத்தது ‘நீ’யை. மிச்சம் இருப்பது ‘நீங்கள்’ மட்டும்தான்.

பழைய ஆங்கிலத்தில் ஒருவரைப் பார்த்துச் சொல்ல ‘தூ’ இருந்தது. பிற்காலத்தில் அது ‘தௌ’ ஆயிற்று. பலரைப் பார்த்துச் சொல்ல ‘யே’. அந்த ‘யே’ வேற்றுமை ஏற்று ‘உங்களை’, ‘உங்களுக்கு’ என்று வரும் இடத்தில் ‘யூ’. ஆக, ‘யூ’ பிறவியிலேயே பன்மை.

1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவையில் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. பெரிய மனிதர் ஒருவராக இருந்தாலும் பன்மையில் அழைப்பது பிரெஞ்சு வழக்கம். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அது ஆங்கிலத்துக்கும் தொற்றியது. முதலில் அரசருக்கு ‘யூ’, பிரபுவுக்கு ‘யூ’. அப்புறம் வியாபாரிக்கும் ‘யூ’, அண்டை வீட்டாருக்கும் ‘யூ’. ‘தௌ’ என்றால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கித் தயங்கி எல்லோரும் எல்லோருக்கும் பன்மையே போட்டார்கள். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நகரத்துப் பேச்சில் ‘தௌ’ ஏறக்குறைய ஒழிந்தது.

நீங்கள் சொன்ன தெருநாயையும் ஆங்கிலேயர் ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

ஜூன் 3, இரவு 10.05

படுக்கப் போன பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. நம் ஊரில் ‘ஒருமையில் பேசினார்’ என்று புகார் கொடுக்கிறார்கள் அல்லவா? ஆங்கிலத்தில் அதற்கு ஒரு வினைச்சொல்லே இருந்தது. ‘தௌ’ என்பதையே வினையாக்கி, ‘ஒருவரைத் தௌ செய்வது’ என்றார்கள்.

1603 நவம்பரில் பெயர்பெற்ற கடலோடி வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு. லண்டனில் கொள்ளைநோய் என்பதால் விசாரணை வின்செஸ்டரில் நடந்தது. அரசு வழக்கறிஞர் எட்வர்டு கோக், ராலேயைப் பார்த்துக் கத்தினார்: ‘ஐ தௌ தீ, தௌ டிரெய்ட்டர்.’ “உன்னை ‘நீ’ என்றுதான் சொல்வேன், துரோகியே” என்று அர்த்தம். சபையில் வேண்டுமென்றே ஒருமைக்கு இறங்குகிறார். இதைத் தமிழில் சொல்வதற்கு எனக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய ஆங்கிலத்தில் சொல்ல ஒரு பத்தி விளக்கம் தேவைப்படும்.

ஜூன் 4, காலை 7.20

“அப்பாவுக்கும் யூவா” என்று கேட்டிருந்தீர்கள். ஓர் அப்பா கதை இருக்கிறது.

1650களில் ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், ஒருவரைப் பன்மையில் அழைப்பது பொய் என்றார்கள். நீதிபதி ஆனாலும் ஒருவர் ஒருவர்தானே, ‘தௌ’தான் என்று நின்றார்கள். தொப்பியையும் கழற்ற மாட்டார்கள். இதற்காக அடியும் வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். பிற்பாடு பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் இளைஞராக இந்தக் கூட்டத்தில் சேர்ந்தபோது, கடற்படைத் தளபதியான அவர் அப்பா இறங்கி வந்து ஒரு சமரசம் சொன்னார்: யாரை வேண்டுமானாலும் ‘நீ’ என்று சொல்லிக்கொள், அரசரையும் யார்க் கோமகனையும் என்னையும் தவிர.

அந்த அப்பாவின் மனசு நம் வீட்டு அப்பாக்களுக்குப் புரியும்.

ஜூன் 4, மதியம் 1.30

தூத்துக்குடி நண்பர் சரியான இடத்தில் பிடித்தார்: “ஆங்கில வேதாகமத்தில் கடவுளைத் ‘தௌ’ என்கிறார்களே, அது உயர்வுதானே?”

1611-இல் வந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பில் கடவுளுக்கும் ‘தௌ’, மனிதனுக்கும் ‘தௌ’, சாத்தானுக்கும் ‘தௌ’. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமை இருந்த இடத்தில் ஒருமை போட்டார்கள், அவ்வளவுதான். பின்னால் தெருவில் அந்தச் சொல் செத்துப்போய் கோயிலில் மட்டும் கேட்டதால், கேட்பவர் காதில் அது உயர்ந்த சொல்லாக ஏறிவிட்டது. நாமும் கடவுளை ‘நீ’ என்றுதான் பாடுகிறோம். நெருக்கம் வேறு, மரியாதைக் குறைவு வேறு என்பது நமக்குத் தெரியும். ஆங்கிலேயர் அந்த வித்தியாசத்தைக் காதால் கேட்கும் வாய்ப்பை இழந்துவிட்டார்கள். அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஜூன் 6, இரவு 11.10

இழை வேறு பக்கம் திரும்புகிறது. திரும்பட்டும்.

பக்கத்து வீட்டுச் சிறுமி ஐந்தாம் வகுப்பு. மாலையானால் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். நேற்று கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ எழுதும்போது பென்சிலை நிறுத்திவிட்டு, “தாத்தா, இந்தக் கே எதுக்கு? யாருமே அதைச் சொல்றதில்லையே” என்றாள்.

முன்பு சொன்னார்கள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல் அது, ‘க்னீஃப்’ என்று ஒலித்தது. முழங்காலைக் குறிக்கும் சொல்லிலும் அப்படியே. ஜெர்மனியில் இன்றைக்கும் முழங்கால் ‘க்னீ’தான். குதிரை வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லை எழுதிப் பாருங்கள்: கே, என், ஐ, ஜி, எச், டி. அதில் ஓர் எழுத்தும் வீணாக நிற்கவில்லை. ‘க்னிஹ்ட்’ என்பதுபோல் ஜி-எச் தொண்டையில் உரசி ஒலித்தது. முன்னால் நின்ற கே 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பேச்சிலிருந்து உதிர்ந்தது. எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது.

ஆனால் எல்லா ஊமை எழுத்தும் அப்படி அல்ல. எனக்கு இதில் ஒரு பழைய வலி உண்டு. எட்டாம் வகுப்பில் கடன் என்று பொருள்படும் ‘டெட்’ என்ற சொல்லைப் பி இல்லாமல் எழுதினேன். ஸ்கேலைச் செங்குத்தாகத் திருப்பி விரல் கணுவில் மூன்று அடி. வகுப்பே பார்த்தது. அதற்கப்புறம் பல வருடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதவே கை கூசும்.

நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது, அந்தப் பியை ஆங்கிலேயர் எந்தக் காலத்திலும் ஒலித்ததே இல்லை என்று. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது ‘டெட்டெ’. முன்னோர்கள் பி இல்லாமல்தான் எழுதினார்கள். லத்தீன் மோகம் பிடித்த படிப்பாளிகள், “இதன் மூதாதை ‘டெபிட்டும்’ அல்லவா, ஒரு பி இருந்தால் கௌரவம்” என்று நடுவில் சொருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் ‘டவுட்’ கதையும் இதே. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’ இன்னும் மோசம். அது சுத்தமான ஆங்கிலச் சொல். ‘இன்சுலா’ என்ற லத்தீன் சொல்லோடு அதற்கு உறவே கிடையாது. உறவு இருப்பதாக எண்ணி ஓர் எஸ் போட்டுவிட்டார்கள்.

சிறுமியிடம் இப்படிச் சொன்னேன்: ‘நைஃப்’ சொல்லில் உள்ள கே அந்த வீட்டில் குடியிருந்து காலி செய்தவர். ‘டெட்’ சொல்லில் உள்ள பி ஒரு நாளும் குடியிருக்காமல் வாசலில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நோட்டில் கேயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

எட்டாம் வகுப்பில் நான் எழுதியது 14ஆம் நூற்றாண்டு லண்டனில் சரியான எழுத்து. அடித்தவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் ஸ்பெல்லிங் தவறினால் பிள்ளைகளை அடிக்காதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஜூன் 7, காலை 6.50

நான் 1983-இல் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது எழுத்துக் கோப்பவனாகச் சேர்ந்தவன். ஈய எழுத்துக் காலம். இடது கையில் வரி கோக்கும் ஸ்டிக், வலது கை எழுத்துப் பெட்டியான கேஸிலிருந்து எழுத்தைப் பொறுக்கும். வரி ஸ்டிக்குக்குள் இறுக்கமாக நிற்க வேண்டும், தளர்ந்தால் கோத்து முடித்த மேட்டரைத் தூக்கும்போது கொட்டிவிடும். சொற்களுக்கு நடுவே மெல்லிய ஈயத் துண்டுகளைச் செருகிச் செருகித்தான் வரியை நிரப்புவோம். பழைய ஆங்கிலக் கம்பாசிட்டர்களுக்கு எங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருந்தது. ஒரு சொல்லையே இரண்டு மூன்று விதமாக எழுதலாம் என்ற காலம் அது. வரி குறைந்தால் கடைசியில் ஓர் இ, நிறைந்தால் அந்த இயை எடு. ஒரே பக்கத்தில் ஒரே சொல் இரண்டு உருவில் நிற்பதைப் பார்த்து மற்றவர்கள் ஆச்சரியப்படுவார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை.

இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் வைத்தவர் வில்லியம் காக்ஸ்டன். அதற்கு முன் சுமார் முப்பது வருடம் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் முதலிய ஊர்களில் வியாபாரம் செய்தவர். ஆங்கிலத்தின் முதல் அச்சுப் புத்தகத்தையே புரூஜில்தான் போட்டார். அந்தப் பக்கத்து எழுத்துப் பழக்கம் அவரோடும் அவர் ஆட்களோடும் கப்பல் ஏறி வந்தது. பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ என்ற சொல்லில் ஜிக்குப் பக்கத்தில் ஓர் எச் நிற்கிறதே, அது அந்தப் பக்கத்து மொழியான ஃபிளமிஷின் பழக்கம். அதற்கு முன் ஆங்கிலத்தில் அங்கே எச் கிடையாது. ஒரு கம்பாசிட்டரின் கைப்பழக்கம் ஐந்நூறு வருடமாக உலகம் முழுக்க எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஜூன் 7, இரவு 8.15

காக்ஸ்டனைச் சொல்லிவிட்டு முட்டைக் கதையை விடக் கூடாது. 1490-இல் ஒரு மொழிபெயர்ப்பு நூலின் முன்னுரையில் அவரே எழுதியது.

லண்டன் வியாபாரிகள் சிலர் தேம்ஸ் வழியாக ஜீலந்துக்குக் கப்பலில் கிளம்பினார்கள். காற்று இல்லை. கரையில் இறங்கி ஒரு வீட்டில் சாப்பாடு கேட்டார்கள். அதில் ஒருவர் ‘எக்ஸ்’ வேண்டும் என்றார். அந்த வீட்டம்மா, “எனக்குப் பிரெஞ்சு தெரியாது” என்றார். கேட்ட வியாபாரிக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாதே! கடைசியில் இன்னொருவர் ‘எய்ரன்’ வேண்டும் என்றதும், “இப்போது புரிகிறது” என்றார் அந்த அம்மா.

இரண்டுமே முட்டைதான். ‘எய்ரன்’ ஊர்ச்சொல். ‘எக்’ வைக்கிங்குகள் விட்டுச் சென்றது. “இந்தக் காலத்தில் ஒருவன் எதை எழுதுவது, ‘எக்ஸ்’ என்றா, ‘எய்ரன்’ என்றா?” என்று காக்ஸ்டன் கேட்கிறார். ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தச் சொல்லைக் கோப்பது என்று தெரியாமல் நிற்கும் மனிதரின் கேள்வி அது.

ஜூன் 9, இரவு 10.30

“எல்லா மொழியிலும் முதல் எழுத்து ‘ஆ’ அல்லது ‘அ’. ஆங்கிலத்தில் மட்டும் ‘ஏ’ எப்படி?” என்று கேட்டவருக்கு:

ஆங்கிலத்திலும் அது ‘ஆ’ ஆகத்தான் இருந்தது. பெயரைக் குறிக்கும் ‘நேம்’ பழைய ஆங்கிலத்தில் ‘நாமா’ என்பதற்கு மிக நெருக்கம். வடமொழி ‘நாம’த்துக்கு அது கூடப்பிறந்த சொல். ‘டைம்’ என்பது ‘டீமெ’. ‘ஹவுஸ்’ என்பது ‘ஹூஸ்’. நிலாவைக் குறிக்கும் ‘மூன்’ என்பது ‘மோன்’. சுமார் 1400 தொடங்கி 1700 வரை ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. ‘ஆ’ மேலேறி ‘ஏ’ ஆனது, ‘ஏ’ மேலேறி ‘ஈ’ ஆனது. ஏற்கெனவே உச்சியில் இருந்த ‘ஈ’ போக இடமில்லாமல் உடைந்து ‘ஐ’ ஆனது. எழுத்துகளின் பெயர்களும் கூடவே மாறின. பள்ளிக்கூடத்தில் நாம் ராகம் போட்டுப் படித்த ஏ, பி, சியில் இருக்கும் அந்த ‘ஏ’ இந்தப் பெயர்ச்சியின் மிச்சம்.

இது நடந்துகொண்டிருக்கும்போதுதான் காக்ஸ்டன் வருகிறார். எங்கள் அச்சக வேலையை வைத்துச் சொன்னால், மேட்டரைக் கயிறு போட்டுக் கட்டி, முடுக்கி, மெஷினில் ஏற்றிவிட்டோம். அப்போது எழுத்தாளர் ஓடி வந்து நூறு திருத்தம் கொடுக்கிறார். தாளில் அடிப்பது பழையது, அவர் வாய் சொல்வது புதியது. ஆங்கிலத்தின் எழுத்தும் பேச்சும் பிரிந்தது இப்படித்தான். வேண்டுமென்று யாரும் செய்ததில்லை.

ஜூன் 10, காலை 9.00

“திருத்தியிருக்கலாமே, 1978-இல் நம் எழுத்தைத் திருத்தவில்லையா?”

நல்ல கேள்வி. நான் சேர்ந்த அச்சகத்தில் யானைத் துதிக்கை போட்ட பழைய ‘லை’யும் புதிய ‘லை’யும் ஒரே கேஸில் கலந்து கிடந்தன. பழைய ஈயம் தேயும்வரை முதலாளி தூக்கிப் போட மாட்டார். ஆனாலும் அரசாணை என்று ஒன்று இருந்தது. ஆங்கிலத்துக்கு ஆணை போட ஆள் இல்லை. பிரான்சுக்கு இருப்பதுபோல் ஒரு மொழிக் கழகம் வேண்டுமென்று ஜொனாதன் ஸ்விஃப்ட் 1712-இல் கேட்டார், நடக்கவில்லை. அமெரிக்காவில் அகராதி போட்ட நோவா வெப்ஸ்டர் தனி ஆளாக முயன்றார். நிறத்தைக் குறிக்கும் ‘கலர்’ என்ற சொல்லில் யுவை எடுத்தது நிலைத்தது. நாக்கைக் குறிக்கும் சொல்லை வெறும் டி, யு, என், ஜி என்று எழுதலாம் என்றார், அது எடுபடவில்லை. எனக்கு அந்தத் ‘டங்’ பிடித்திருந்தது.

ஜூன் 12, இரவு 9.55

சொல்லின் பொருளுக்கு வருகிறேன். ஒருவர் அழுத்தமாக எழுதியிருந்தார்: “சொல்லின் மூலம் எதுவோ அதுதான் உண்மைப் பொருள், மற்றதெல்லாம் கொச்சை.” இதை ஏற்கவே முடியாது. என் தொழிலிலிருந்தே சொல்கிறேன்.

இப்போது வீட்டிலிருந்தபடியே புரூஃப் பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு பிரசங்க நூல் வந்தது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தது. ஓர் இடத்தில் ‘இறைச்சிப் பலி’ என்றிருந்தது. அடுத்த வரியிலேயே மாவு, எண்ணெய். இறைச்சியே காணோம். சந்தேகம் வந்து லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்தேன். தமிழ் வேதாகமத்தில் அழகாகப் ‘போஜனபலி’ என்று இருக்கிறது: மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம். 1611 ஆங்கிலத்தில் அதே இடத்தில் ‘மீட்’ பலி. அன்றைய ஆங்கிலத்தில் ‘மீட்’ என்றால் உணவு, எந்த உணவானாலும். இறைச்சி என்று சுருங்கியது பிற்பாடு. மொழிபெயர்த்தவர் இன்றைய அகராதியைப் பார்த்துப் போட்டுவிட்டார். ஓரத்தில் சுழித்து எழுதி அனுப்பினேன், திருத்திக்கொண்டார்.

மானைக் குறிக்கும் ‘டியர்’ ஒரு காலத்தில் எந்த விலங்கும். பட்டினி கிடப்பதைக் குறிக்கும் ‘ஸ்டார்வ்’ வெறுமனே சாவது. ‘கேர்ள்’ என்றால் பிள்ளை, ஆணோ பெண்ணோ. ‘நைஸ்’ லத்தீனில் ‘அறியாதவன்’ என்ற சொல்லிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் முதலில் ‘முட்டாள்’. பிறகு ‘எதிலும் குறை காண்பவர்’, அப்புறம் ‘நுட்பமானது’, கடைசியில் ‘நன்றாக இருக்கிறது’. முட்டாளிலிருந்து நல்லதுக்கு வர ஐந்நூறு வருடம் நடந்திருக்கிறது.

‘சில்லி’ எதிர்ப்பக்கம் நடந்தது. தொடக்கத்தில் ‘பாக்கியவான்’, பிறகு ‘மாசற்றவன்’, பிறகு ‘பாவம்’, இப்போது ‘அசடு’. இந்த வழி நமக்குப் புதிதல்ல. ‘அப்பாவி’ என்று சொல்லும்போது அதில் பாதி குற்றமற்றவன், பாதி ஏமாளி. வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் பேசுவது கோபத்தை. நாம் ‘வெகுளிப் பெண்’ என்கிறோம், கள்ளமில்லாதவள் என்று. கற்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ என்று ஆண்டாள் கேட்டதை இன்று பேச்சு வழக்கில் யாராவது கேட்டால் என்ன ஆகும்? மூலம்தான் உண்மை என்றால் ‘வெகுளி’ என்று ஒருவரையும் பாராட்ட முடியாது.

ஜூன் 12, இரவு 10.20

விட்டுப்போனது. ‘லார்டு’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ‘ரொட்டி காப்பவர்’. ‘லேடி’ என்றால் ‘ரொட்டி பிசைபவர்’. நாம் ‘எனக்குப் படியளக்கிறவர்’ என்கிறோமே, அதே நினைப்பு. சோறு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பிரபு.

ஜூன் 14, மாலை 5.40

நார்மன் கதையில் சாப்பாட்டு மேசையைச் சொல்ல வேண்டும். தொழுவத்தில் நிற்கும்போது ‘கௌ’, தட்டில் வரும்போது ‘பீஃப்’. உயிரோடு ‘ஷீப்’, சமைத்தால் ‘மட்டன்’. உயிரோடு ‘ஸ்வைன்’, சமைத்தால் ‘போர்க்’. மேய்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் பிரெஞ்சுக்காரன். அடிமைப்பட்ட மக்களின் வரலாறு மெனு கார்டில் இருக்கிறது.

ஜூன் 16, காலை 7.05

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த மேய்த்தவன்-தின்றவன் கதையை இவ்வளவு கச்சிதமாகப் பரப்பியது 1819-இல் வால்டர் ஸ்காட் எழுதிய ‘ஐவன்ஹோ’ நாவல். கோமாளிப் பாத்திரம் பேசும் வசனம் அது. சொற்கள் பிரெஞ்சு என்பது உண்மைதான். ஆனால் உயிருக்கு ஒரு சொல், கறிக்கு ஒரு சொல் என்ற பாகப்பிரிவினை ஒரே நாளில் நடக்கவில்லை. ‘பீஃப்’ என்ற சொல் பல நூற்றாண்டு உயிரோடு நிற்கும் மாட்டையும் குறித்தது. அதன் பன்மை ‘பீவ்ஸ்’ மந்தையைக் குறித்தது. எல்லை மெதுவாகத்தான் இறுகியது. அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு கதையை நம்பி எழுதிவிட்டேன். முன்குறிப்பை அழிக்கவில்லை, இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

ஜூன் 19, இரவு 11.00

புரூஃப் பார்க்கும் யாரும் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டிய இடம், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் தொகுத்த ஜேம்ஸ் மர்ரேக்கு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தகரக் கொட்டகை. தோட்டத்தில் போட்டது. சுவர் முழுக்கப் புறாக்கூடு மாதிரி அறைகள், அறை முழுக்கத் துண்டுச் சீட்டுகள். ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் பழைய புத்தகங்களைப் படித்து, ஒரு சொல் எந்த வருடம் என்ன பொருளில் வந்தது என்று சீட்டில் எழுதி அனுப்பினார்கள்.

1857-இல் பேச்சு தொடங்கியது. 1879-இல் மர்ரே ஆசிரியர் ஆனார். 1884-இல் முதல் பகுதி வந்தது, ஏ எழுத்துகூட அதில் முடியவில்லை. அவர் 1915-இல் இறந்தார். அகராதி முடிந்தது 1928-இல். 4,14,825 சொற்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் சில உதவியாளர்களோடு கொண்டுவந்த அகராதியில் சுமார் 42,000.

இவ்வளவு கவனத்திலும் ஒரு சொல் தப்பியது. அடிமைப்பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’. அதன் சீட்டுகள் எங்கேயோ புதைந்து, பி எழுத்துத் தொகுதி அச்சாகி வெளியே போன பிறகுதான் தெரிந்தது. 1933-இல் வந்த பிற்சேர்க்கையில் அது ஏறியது. யாரும் கண்டுகொள்ளாத ஒருத்தியைக் குறிக்கும் சொல் போய் இப்படித் தொலைந்ததே என்று எனக்கு மனசு கனக்கும். மர்ரேக்கும் அது உறுத்தியிருக்கும்.

ஜூன் 22, மதியம் 2.10

“தமிழ் கொடுத்தது எத்தனை?” என்று கேட்காமல் ஓர் இழை முடியாது. சுருட்டு, மிளகுத்தண்ணீர், வெட்டிவேர், கட்டுமரம் எல்லாம் போயின. எண்ணிக்கையைவிடப் போன இடத்தில் அவை என்ன ஆயின என்பதுதான் எனக்கு முக்கியம். கட்டுமரம் என்றால் மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. 1697-இல் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் இதைக் ‘கட்டமரான்’ என்கிறார்கள் என்று எழுதினார். இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை உடல் கொண்ட நவீனப் படகு. அந்தப் படகில் கட்டும் இல்லை, மரமும் இருக்க வேண்டியதில்லை. மிளகுத்தண்ணீர் கறி போட்ட சூப்பாகிவிட்டது.

இந்திய வழிச் சொற்களைத் தொகுத்து 1886-இல் வந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரஸ்வதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். புத்தகம் வருவதற்கு நான்கு வருடம் முன்பே இறந்துவிட்டார்.

ஜூன் 25, இரவு 9.30

முதல் கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்து, “அப்படியானால் இன்று ஆங்கிலத்தில் பன்மை எங்கே?” என்று கேட்கிறார்.

அதுதான் வேடிக்கை. ‘யூ’ ஒருவருக்கும் போன பிறகு, பலருக்குத் தனியாக ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்கத் தெற்கில் ‘யால்’ உண்டாக்கினார்கள், அயர்லாந்தில் ‘யூஸ்’. நாம் இதே பாதையில் இரண்டு முறை நடந்திருக்கிறோம். சங்கத் தமிழில் ‘நீர்’ பன்மை. அது ஒருவருக்கு மரியாதையாகப் போனதும் ‘கள்’ சேர்த்து ‘நீங்கள்’ வந்தது. அந்த ‘நீங்கள்’ளும் இன்று ஒருவருக்குப் போய்விட்டது. ‘அவர்’ பலர்பால், இப்போது ஒரே ஒருவர். ‘அவர்கள்’ என்று எழுதினால்கூட அழைப்பிதழில் அது ஒரே மனிதர். ஆங்கிலத்தின் ‘தே’ வைக்கிங்குகளிடம் வாங்கிய பன்மை, அதையும் ஒருவருக்குச் சொல்லும் வழக்கம் 14ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. மரியாதை தேடும்போது மொழிகள் பன்மைக்குத்தான் ஓடுகின்றன.

ஜூன் 27, காலை 6.30

முதல் நாள் எழுதியதையே திருத்த வேண்டியிருக்கிறது. ‘நீ’ தொலைந்தது என்றேன். நகரத்தில் தொலைந்தது, கிராமத்தில் இல்லை. வட இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் பழைய ‘தௌ’, ‘தா’ என்று தேய்ந்து, நண்பர்களுக்கு நடுவிலும் வீட்டுப் பேச்சிலும் இன்றைக்கும் கேட்கிறது. தெரியாதவரிடம் சொன்னால் சண்டைதான். அங்கே பெரியவர்கள் சின்னப் பையன்களை அதட்டும் ஒரு வாய்மொழி உண்டு, தமிழில் போட்டால் இப்படி வரும்:

“என்னை ‘நீ’ன்னு சொல்லாதே. உன்னையே ‘நீ’ன்னு சொல்லிப் பாரு, எப்படி இருக்குன்னு தெரியும்.”